தாண்டிப் போன தட்டு

நேசராசா அண்ணன் மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. நல்ல மனிதர்தான், அதை நான் மறுக்கவில்லை. கல்முனையில் அவரைவிட நேர்மையான ஒருவரைக் காட்டு என்று யாராவது கேட்டால் நான் கொஞ்ச நேரம் தலையைச் சொறிய வேண்டிவரும். ஆனால் ஞானராணி அக்காவின் முகம் நினைவுக்கு வரும்போதெல்லாம் அவரைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கலாம் போல இருக்கிறது.

என் பெயர் முபீன். எங்களுக்கு நெல் மில் இருக்கிறது, வாப்பா அச்சிமுகம்மது தொடங்கியது. மில்லின் பின்மதிலுக்கு அப்பால் ஒரு சின்ன மண்டபம். ஓட்டுக்கூரை, வெள்ளையடித்த சுவர், உள்ளே ஒரு மேசையும் உட்கார நீள வாங்குகளும். சிலை கிடையாது, மெழுகுதிரி வரிசை கிடையாது. வெளியூர்க்காரர் பார்த்தால் பழைய பள்ளிக்கூடம் என்றுதான் நினைப்பார்கள். அதுதான் பப்டிஸ்ட் சபையின் வேதக்கோயில். ஊரில் அவர்களுக்கு முழுக்குக்காரர் என்று பெயர்.

வெள்ளைக்காரன் காலத்தில் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்க வந்த ஓர் அப்போதிக்கரி நாலைந்து குடும்பங்களைச் சேர்த்துத் தொடங்கிய சபையாம். மெதடிஸ்தரும் கத்தோலிக்கரும் அதற்கு முன்பே இங்கே வேரூன்றிவிட்டார்கள். ஆகையால் இவர்கள் ஒருநாளும் பெரிய கூட்டமாக இருந்ததில்லை. ஆனால் கொள்கையில் கல்லு மாதிரி. குழந்தையின் தலையில் தண்ணீர் தெளிப்பதை அவர்கள் ஞானஸ்நானமாகக் கணக்கெடுப்பதில்லை. வளர்ந்த ஆள் தன் வாயால் நம்புகிறேன் என்று சொல்லி, தண்ணீருக்குள் முழுதாக அமிழ்ந்து எழும்ப வேண்டும். அப்படி எழும்பியவர்தான் அங்கத்தவர். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து நடக்கும்போது அப்பத்தட்டு அங்கத்தவரிடம் மட்டும்தான் நிற்கும்.

முழுக்குக்கென்று மண்டபத் தரைக்குக் கீழே ஒரு தொட்டி கட்டியிருந்தார்கள். இந்த மணல் மண்ணில் அது வெடித்துப் போயிற்று. அதன்பின் கடலுக்குப் போனார்கள். சண்டைக் காலத்தில் கடற்கரைப் பக்கம் கூட்டமாய்ப் போக முடியாமல் ஆனபோது, அப்போதைய போதகர் எங்கள் வாப்பாவிடம் வந்து தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டார். நெல் ஊறவைக்கும் சீமெந்துத் தொட்டியை ஒரு காலைக்குத் தர முடியுமா என்று.

வாப்பா கொடுத்துவிட்டார். ஆட்களை விட்டு உமியும் பாசியும் போக உரஞ்சிக் கழுவுவித்து, புதுத் தண்ணீர் நிரப்பி, மில்லை அன்றைக்கு நிறுத்திவிட்டு, வேடிக்கை பார்க்க ஒருவரும் வராதபடி கேற்றடியில் தானே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். பள்ளிவாசலில் சிலர் இது என்ன கூத்து என்று கேட்டார்கள். "நெல்லு ஊறுற தொட்டியில மனிசர் நனைஞ்சா நெல்லுக்கென்ன குறைச்சல்" என்று வாப்பா சொல்லிவிட்டு வேறு கதை கதைத்தார். சண்டை முடிந்த பிறகும் அவர்கள் கடலுக்குத் திரும்பவில்லை, எங்கள் தொட்டியே பழகிவிட்டது. என்ன கழுவினாலும் ஊறிய நெல்லின் புளித்த வாசம் போகாது. அந்தத் தொட்டியில் முழுகி எழும்பியவர்கள் எல்லாரும் அந்த வாசத்தோடுதான் பரலோகத்துக்குப் போயிருப்பார்கள்.

நேசராசா அண்ணன் அந்தச் சபையின் உதவிக்காரர். போதகருக்கு அடுத்த ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிழைப்புக்கு பஸ் டிப்போவில் ரைம் கீப்பர். பிந்தி வந்த பஸ்ஸைப் பிந்தியதென்றே எழுதுவார், ஓட்டி வந்தவர் சொந்த மச்சானாக இருந்தாலும் சரி. மச்சான் ஆறு மாதம் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. இவருக்கு அது ஒரு பொருட்டாகவும் படவில்லை. நான் சின்ன வயதில் அவரைப் பார்த்துப் பயந்திருக்கிறேன், பிறகு மதித்திருக்கிறேன்.

அவர் கட்டியது மெதடிஸ்தக் குடும்பத்துப் பெண்ணை. ஞானராணி அக்காவின் அப்பா மெதடிஸ்தக் கோயிலில் பாட்டுக்கு வாத்தியம் வாசித்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே அக்காவுக்கு அங்கே ஞானஸ்நானம் கொடுத்தாயிற்று. கலியாணத்துக்குப் பிறகு அவர் புருஷனோடு முழுக்குக்காரரின் மண்டபத்துக்கு வந்தார். மண்டபத்தைக் கூட்டினார், மேசை விரிப்பைத் துவைத்தார், ஞாயிறு பள்ளி நடத்தினார். கைத்தையல் அவருக்கு நன்றாக வரும். தொட்டியில் இறங்குகிறவர்களுக்கு வெள்ளை அங்கி தைத்துக் கொடுப்பதும் அவரேதான். ஆனால் அவர் மட்டும் தொட்டியில் இறங்கவில்லை.

என் மனைவி நஸீறாவுக்கும் அக்காவுக்கும் அடுத்தடுத்த வீடு, மதில் மேலால் கறி மாறும் பழக்கம். ஏன் இறங்கவில்லை என்று நஸீறாதான் ஒருமுறை கேட்டிருக்கிறாள். இரண்டாம் தடவை முழுகினால் முதல் தடவை செய்தது ஒன்றுமில்லை என்றாகிவிடும், என்னைத் தூக்கிக்கொண்டு போய் நின்ற என் அப்பாவையும் அம்மாவையும் நான் பொய்யாக்கமாட்டேன் என்றாராம். நேசராசா அண்ணனும் அவரை வற்புறுத்தியதே இல்லை. வற்புறுத்தி முழுக்குவது அவர்கள் கொள்கைக்கு விரோதம். ஆளாளுக்கு ஒரு கொள்கை, இருவருக்கும் ஒரு வீடு.

அது எப்படிப்பட்ட வாழ்க்கை என்று எனக்கு விளங்கியது சபையின் ஆண்டு விழாவில். அயலவர் என்று எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள், நாங்கள் கடைசி வாங்கில் இருந்தோம். அன்று முதல் ஞாயிறாகவும் இருந்தது. போதகர் கடையில் வாங்கிய சாதாரணப் பாண் ரொட்டியைப் பிட்டுத் தட்டில் வைத்து நேசராசா அண்ணனிடம் கொடுத்தார். அண்ணன் வாங்கு வாங்காகக் கொண்டுபோனார். இரண்டாவது வாங்கில் ஞானராணி அக்கா. அவருக்கு இந்தப் பக்கம் இருந்தவரிடம் தட்டு நின்றது. பிறகு அண்ணன் ஓர் அடி எடுத்து வைத்தார், தட்டு அக்காவின் மடிக்கு மேலால் போய் அந்தப் பக்கம் இருந்தவரிடம் நின்றது. அக்கா கொஞ்சம் பின்னால் சாய்ந்து தட்டுக்கு வழிவிட்டார். பஸ்ஸில் ஜன்னலோரம் இருக்கிறவருக்கு மிச்சக் காசு போக வழிவிடுவோமே, அப்படி.

நஸீறா என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

கலியாணம் கட்டிய நாளிலிருந்து ஒவ்வொரு மாதமும் அது நடந்திருக்கிறது. அவர் சமைத்த சோற்றைத் தின்று, அவர் தோய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, அவரைத் தாண்டித் தட்டைக் கொண்டுபோயிருக்கிறார் இந்த மனிதர். வீட்டுக்கு வந்தபின் நான் நஸீறாவிடம் கத்தினேன், வேறு யாரிடம் கத்துவது. அவர்களுடைய மார்க்கம், நமக்கென்ன என்று அவள் சொல்லவில்லை.

அக்காவுக்கு அதில் என்ன குறை என்று நஸீறா பிறகு கேட்டறிந்தாள். மெதடிஸ்தக் கோயிலுக்குப் போனால் அவருக்கு அங்கத்தைய போதகர் ஐயரிடம் அப்பம் கிடைக்கும், யாரும் தடுக்கவில்லை. இடைக்கிடை போய் வந்துமிருக்கிறார்.

"அங்க கிடைக்கிறது ஐயர்ர கையால நஸீறா. எனக்கு இவர்ர கையால ஒருக்கா வாங்கவேணும். அவ்வளவுதான் ஆசை, சாகமுந்தி" என்று சொன்னாராம்.

சபை தேயத் தொடங்கியது எப்போதென்று சொல்வது கஷ்டம். சண்டைக்குள் சிலர் மட்டக்களப்புக்குப் போனார்கள், சிலர் கனடாவுக்கு. சுனாமி கடலோரத்துக் குடும்பங்கள் சிலவற்றை அள்ளிக்கொண்டு போயிற்று. மிஞ்சிய இளசுகள் ஸ்பீக்கரும் கிற்றாரும் உள்ள புது ஜெபக்கூடங்களுக்கு மாறிவிட்டார்கள். அங்கே கை தட்டலாம், அழலாம். இங்கே நேசராசா அண்ணன் ஒருவர் பிந்தி வந்தாலே மணிக்கூட்டைப் பார்ப்பார். பெற்றோல் இல்லாத காலத்தில் மட்டக்களப்பிலிருந்து வரும் போதகரும் நின்றுபோனார். அப்பம் பகிரும் பொறுப்பை அண்ணனிடமே விட்டார்கள். கடைசியில் அண்ணனோடு மிஞ்சியவர் கிளெய்டன் மாஸ்டர் ஒருவர். அவரும் போன வருஷம் மாரிக்குள் கண்ணை மூடினார்.

அதற்கடுத்த முதல் ஞாயிறு மண்டபத்துக்குள் இருந்தவர்கள் இரண்டே பேர், புருஷனும் பெண்சாதியும். அண்ணன் பாட்டுப் படித்தார், ஜெபம் பண்ணினார், வேதம் வாசித்தார். பிறகு மேசைக்குப் பின்னால் நின்று பாணைப் பிட்டார். பிட்டுத் தானே ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார். முன்வாங்கில் இருந்த அக்காவைப் பார்க்கவில்லை. நான் மில் களத்தில் நெல் காயப்போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், ஜன்னலால் எல்லாம் தெரிந்தது. ஒரு மனிதர் தன் மனைவியின் முன்னால் நின்று தனியாகத் தின்றுகொண்டிருந்தார். மதிலேறிக் குதித்துப் போய்க் கேட்டுவிடலாமா என்றிருந்தது.

அந்த மாதமே கொழும்பிலிருந்து சபைக் காரியங்களைப் பார்ப்பவர்கள் வந்தார்கள். மரியாதையாகத்தான் கதைத்தார்கள். ஒரே ஓர் ஆளைச் சபை என்று சொல்ல முடியாது, இன்னொருவராவது சேர்ந்தால் மண்டபத்தைத் திறந்து வைக்கலாம், இல்லாவிட்டால் பூட்டத்தான் வேண்டும் என்றார்கள். நேசராசா அண்ணன் தலையாட்டினார். அன்று மாலை அவர் எங்கள் மில்லடியால் நடந்து போனபோது நான் ஸலாம் சொன்னேன், அவருக்குக் கேட்கவில்லை. அந்த மண்டபத்தில்தான் அவருடைய அப்பாவும் பெரியப்பாவும் வாங்கு சுமந்தவர்கள்.

அடுத்த வாரம் ஞானராணி அக்கா நஸீறாவிடம் வெள்ளைத் துணி எங்கே மலிவாக வாங்கலாம் என்று விசாரித்தார். யாருக்கு அங்கி என்று நஸீறா கேட்டாள். எனக்குத்தான் என்றார்.

எனக்குச் சந்தோஷம் வந்தது, பொய் சொல்வானேன். இனிமேல் தட்டு அவரிடம் நிற்குமே என்று நினைத்தேன். பெரும்போக நெல் வந்து மில் மூச்சுவிட முடியாத நேரம், என்றாலும் ஒரு தொட்டியை வெறுமையாக்கிக் கழுவுவித்தேன். போதகருக்கு உடம்பு சுகமில்லை, நீங்களே முழுக்குக் கொடுங்கள் என்று அண்ணனுக்குப் போனில் அனுமதி தந்துவிட்டாராம். ஆகவே காலையில் அண்ணன் வெள்ளைச் சாரமும் சேட்டுமாய் முதலில் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நின்றார். அக்கா புது அங்கியோடு படி பிடித்து இறங்கினார். நஸீறா துவாயோடு கரையில். நான் வாப்பா செய்தது போல் கேற்றடியில் இருக்க வேண்டியவன், ஆனால் கால் வரவில்லை. தூணோடு ஒட்டி நின்றேன்.

முழுக்குவதற்கு முன்னால் ஒரு கேள்வி உண்டு. எத்தனையோ பேரிடம் கேட்கப்பட்டதை நான் கேற்றடியில் நின்று கேட்டிருக்கிறேன். எல்லோரும் ஓம் என்பார்கள், உடனே தண்ணீருக்குள் போவார்கள். அண்ணன் ஒரு கையை அக்காவின் முதுகில் வைத்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டார்.

"ராணி, இது உன்ர சொந்த விசுவாசத்தால எடுக்கிற முழுக்கா?"

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்கட கோயில் பூட்டுப்படக் கூடாது எண்டுதான் இறங்கினன். எனக்கு ஞானஸ்நானம் கைப்பிள்ளையிலேயே ஆயிட்டு. அதை நான் இல்லையெண்டு சொல்லமாட்டன்" என்றார்.

நஸீறாவால் பொறுக்க முடியவில்லை. "ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லிருங்களன் அக்கா" என்றாள் கரையிலிருந்து. அக்கா அவளைப் பார்த்துச் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. அவர் கை அக்காவின் முதுகிலேயே இருந்தது. இலேசாக ஒரு தள்ளுத் தள்ளினால் காரியம் முடிந்தது. தண்ணீருக்குள் போய் எழும்பியவரை அங்கத்தவர் இல்லை என்று எந்தக் கொழும்புக்காரன் வந்து சொல்லப் போகிறான்? கேட்டது நாங்கள் இரண்டு பேர், எங்களுக்கு அவர்கள் சட்டத்தில் என்ன வேலை?

"அப்படியெண்டா நான் உன்ன முழுக்க ஏலாது" என்றார் நேசராசா அண்ணன்.

"தெரியும்" என்றார் அக்கா.

பிறகு அண்ணன் அவருடைய கையைப் பிடித்து, வழுக்காமல் படியேற்றிவிட்டார். இடுப்பு வரைக்கும்தான் அங்கி நனைந்திருந்தது. நஸீறா துவாயைப் போர்த்தும்போது அழுதுகொண்டிருந்தாள். பொய் சொல்லத் தெரியாத இரண்டு பேர் கலியாணம் கட்டினால் என்ன நடக்கும் என்று அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். தொட்டித் தண்ணீரைத் திறந்துவிடச் சொல்லி ஆட்களிடம் எரிந்து விழுந்தேன், அவர்கள் பாவம் ஒன்றும் செய்யவில்லை.

மண்டபம் பூட்டுப்பட்டது. வாங்குகளை ஒரு பாலர் பாடசாலைக்குக் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் அக்காவை மெதடிஸ்தக் கோயில் வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, ஆராதனை முடியும்வரை ரோட்டுக்கு எதிரே மரத்தடியில் நிற்பார். உள்ளே போய் இருந்தால் என்ன என்று ஒருநாள் நேரடியாகவே கேட்டேன். அவர் நேரத்தைப் பார்த்தார். டிப்போவிலிருந்து ஓய்வு பெற்றும் எத்தனையோ வருஷம், அந்தப் பழக்கம் போகவில்லை.

நோன்பு தொடங்கிய கிழமையில் ஞானராணி அக்கா சமைக்கும்போது குசினியில் விழுந்தார். பாரிசவாதம். வலப்பக்கம் இழுத்துவிட்டது, பேச்சு நின்றுபோயிற்று. காது கேட்கிறதா, கேட்டது விளங்குகிறதா என்று டாக்டராலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மூக்கால் குழாய் போட்டுப் பால் ஊற்றினார்கள். நஸீறா நோன்போடு போய் இருந்து துடைத்துவிட்டு, நோன்பு திறக்க வீட்டுக்கு வருவாள். அண்ணன் ஆஸ்பத்திரி வாட்டுக்கு வெளியே வாங்கில் இருந்தபடியே இரண்டு மூன்று நாளில் பாதியாய் இறங்கிப் போனார்.

ஒரு ஞாயிறு பின்னேரம் நான் நஸீறாவைக் கூட்டிக்கொண்டு போனபோது அவர் எழும்பி என் கையைப் பிடித்தார். அதுவரை அவர் என்னைத் தொட்டதில்லை. மற்றக் கையில் வெள்ளைக் கைலேஞ்சித் துணி ஒன்று மடித்தபடி இருந்தது.

"முபீன் தம்பி, நான் யோசிச்சிப் பார்த்தன். அண்டைக்குத் தொட்டிக்க அவ பிழையாச் சொல்லல்ல. அது ஆண்டவர்ர மேசை, நான்தான் அந்த மேசையை என்ர மேசை எண்டு நினைச்சிட்டன். இண்டைக்கு முதல் ஞாயிறு. அவக்கு என்ர கையால குடுக்கப் போறன்" என்றார்.

கைலேஞ்சிக்குள் பாண் துண்டு. வீட்டிலேயே ஜெபம் பண்ணிப் பிட்டுக்கொண்டு வந்திருக்கிறார். இத்தனை வருஷம் திட்டித் தீர்த்த மனிதரின் தோளில் கைவைத்து, போங்க அண்ணன், போய்க் குடுங்க என்றேன்.

வாட்டு வாசலில் தாதி மறித்தார். கைலேஞ்சியைப் பார்த்ததும் என்னவென்று கேட்டார். அண்ணன் சொன்னார், அவருக்கு ஒளிக்கத் தெரியாதே. வாயால் ஒன்றும் கொடுக்கவே கூடாது, அவருக்கு விழுங்க முடியாது, ஒரு துணுக்கு மூச்சுக்குழாய்க்குள் போனாலே உயிருக்கு ஆபத்து என்று தாதி விளக்கமாகச் சொன்னார். கரைத்து நாக்கில் தடவலாமா என்று அண்ணன் கேட்டார். அதுவும் கூடாதாம். அந்தத் தாதிப் பிள்ளை இரக்கமாகத்தான் சொன்னாள், அவள் மேல் பிழையில்லை. இதெல்லாம் வாசலில் நடந்தது. அக்காவின் கட்டில் வாட்டின் மறு அந்தலையில், ஜன்னலோரம்.

அண்ணன் உள்ளே போனார். போய்ச் சும்மா பக்கத்தில் இருந்திருக்கலாம். கைலேஞ்சி கையில் விரிந்தபடி இருந்தது, அவர் அதைக் கவனிக்கவில்லை. அக்கா கண் திறந்தார். அண்ணனின் முகத்தைப் பார்த்தார், பிறகு கையைப் பார்த்தார், பாணைப் பார்த்தார். இழுத்துக்கொண்ட வாயை ஒரு பக்கமாகக் கஷ்டப்பட்டுத் திறந்தார்.

திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"ஏலாதாம் ராணி" என்றார் அண்ணன். "மிஸ்ஸி வேணாமெண்டு சொல்லிப்போட்டா. நான் இல்ல. இந்தமுறை நான் இல்ல ராணி." கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து அவர் காதோடு திரும்பத் திரும்ப அதையே சொன்னார். நஸீறாவும் குனிந்து சொல்லிப் பார்த்தாள். அக்காவின் கண் பாணிலேயே இருந்தது.

கொஞ்ச நேரம் பொறுத்து ஞானராணி அக்கா வாயை மெதுவாக மூடிக்கொண்டார். தலையைத் தலையணையில் சற்றுப் பின்னால் சாய்த்து, அண்ணனுடைய கைக்கு வழிவிட்டார்.